சாமியோடு பனி பார்க்கப் போனோம்

நவம்பர் 18, செவ்வாய்

பால் வாங்கக் கீழே போனேன். கேட்டுக்குப் பக்கத்தில் வினோத் நிற்கிறான். கறுப்பு வேட்டி, கழுத்தில் துளசிமணி மாலை, நெற்றி நிறையச் சந்தனம், வெறுங்கால். கார்த்திகை பிறந்தால் முகப்பேரில் பாதித் தெரு கறுப்பு உடுத்தும், அது புதிதில்லை. ஆனால் வினோத்தா?

"சாமி சரணம். பிரசன்னா சாமி எந்திரிச்சிட்டாரா?" என்றான்.

பிரசன்னா என் வீட்டுக்காரன். கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து வினோத் அவனை 'டேய் பன்னி' என்று மட்டும்தான் கூப்பிட்டிருக்கிறான். எதற்கு இந்தத் திடீர் மரியாதை என்று கேட்டேன். நேற்று குருசாமி கோதண்டம் கையால் மாலை போட்டானாம். ஜனவரியில் சபரிமலையாம்.

"சரி, டிசம்பர்ல ஜார்ஜியா?" என்று கேட்டேன்.

சந்தனத்துக்குக் கீழே முகம் வெளுத்துவிட்டது. மறந்தே போயிருக்கிறான்! ஆகஸ்டிலேயே நாலு பேருக்கும் டிக்கெட் போட்டாயிற்று. நான், பிரசன்னா, வினோத், அவன் மனைவி தேவிப்பிரியா. ரத்து செய்தால் ஒரு பைசா திரும்பி வராத வகை டிக்கெட். வாழ்க்கையில் ஒருமுறையாவது பனியில் கால் வைக்க வேண்டும் என்று நாலு பேரும் மாய்ந்து மாய்ந்து பேசிக்கொண்டிருந்தோம். போன மாதம் வரைக்கும்.

போன மாதம் தேவி அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

நவம்பர் 19, புதன்

அதை எழுத நேற்று மனசு வரவில்லை. பூந்தமல்லியில் ஒரு கல்யாணம், தேவியின் சித்தப்பா வீட்டு விசேஷம். பந்தியில் உட்கார்ந்து நானும் அவளும் வடையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். வினோத் வந்து நின்றான். கார் சாவியைக் காணோமாம். அவ்வளவுதான் விஷயம். அதற்கு அவன் போட்ட கூச்சலில் நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். பரிமாறுகிறவர் சாம்பார் வாளியோடு அப்படியே நின்றார். சாவி அவன் சட்டைப் பையிலேயே இருந்தது.

தேவி இலையை மூடினாள். கை கழுவினாள். அவள் அம்மாவோடு ஆட்டோ ஏறி நசரத்பேட்டைக்குப் போய்விட்டாள்.

வினோத் கெட்டவன் இல்லை. குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான், அவசரமென்றால் முதலில் ஓடி வருகிறவன். ஹைவே ஓரம் டைல்ஸ் கடை வைத்திருக்கிறான், லாரிக்காரர்களோடு கத்திக் கத்தித் தொண்டை அப்படி ஆகிவிட்டது என்பான். அந்தத் தொண்டையோடுதான் வீட்டுக்கும் வருவான். எத்தனை வருடம்தான் ஒருத்தி கேட்டுக்கொண்டிருப்பாள்? நான் தேவி பக்கம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அவன் அம்மா கன்னியம்மாள்தான் ஐயப்பனிடம் வேண்டிக்கொண்டாராம், "இவன் வாய அடக்கு சாமி" என்று. மாலை போட்டவன் கோபப்படக்கூடாது, கெட்ட வார்த்தை பேசக்கூடாது, எல்லோரையும் சாமி என்றே கூப்பிட வேண்டும். வினோத்துக்கு இதைவிடப் பெரிய தண்டனை எந்தக் கோர்ட்டிலும் கிடைக்காது.

நவம்பர் 23, ஞாயிறு

வினோத்தும் பிரசன்னாவும் அம்பத்தூருக்குப் போய்க் குருசாமியைக் கேட்டுவிட்டு வந்தார்கள். பிரசன்னா நடித்தே காட்டினான்.

"பனியில ஷூ போடலாமா குருசாமி?"

"போடு. கால் வெரல் போச்சுன்னா மலைய எப்படி ஏறுவ? மூட்டுல தவழ்ந்தா?"

"சுவெட்டர்?"

"கறுப்பு இருந்தா போடு."

"அங்க ரெண்டு வேளையும் பச்சத்தண்ணியில குளிக்கணுமா?"

குருசாமி கொஞ்ச நேரம் யோசித்தாராம். "அது மட்டும் உனக்கும் ஐயப்பனுக்கும். என்னிய இதுல இழுக்காத."

நவம்பர் 30, ஞாயிறு

நசரத்பேட்டை போய் தேவியைப் பார்த்தேன். வர மாட்டாள் என்று நினைத்துத்தான் போனேன்.

"நான் ஏன் வராம இருக்கணும்? நானும்தான் காசு போட்டேன். அவுருக்காக நான் பனி பாக்காம போவணுமா?" என்றாள். ஆனால் ஒரே அறையில் தங்க மாட்டாளாம். மாலை போட்டவன் அவளோடு தங்கவும் முடியாது. ஆக நானும் தேவியும் ஒரு அறை, பிரசன்னாவும் சாமியும் ஒரு அறை. நானும் பிரசன்னாவும் கல்யாண நாளைக் கொண்டாடத்தான் இந்தப் பயணத்தையே போட்டோம் என்பதை யாரும் நினைவு வைத்துக்கொள்ளவில்லை. சரி, போகட்டும்.

கிளம்பும்போது வாசல் வரை வந்தாள். "மாலையோட கத்த மாட்டாரு அகல்யா. பாக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கும். ஆனா அத வெச்சிக்கினு நான் ஊட்டுக்குத் திரும்பிடுவேன்னு யாரும் நெனைக்காதீங்க" என்றாள். என் மூலமாகப் பிரசன்னாவுக்கு, அவன் மூலமாக வினோத்துக்குப் போக வேண்டிய தகவல். நான் தபால்காரி ஆகிவிட்டேன்.

டிசம்பர் 19, வெள்ளி

கன்னியம்மாள் அத்தை வந்து நாலு பெட்டியின் கைப்பிடியிலும் மஞ்சள் துணியில் காசு முடிந்து கட்டிவிட்டுப் போனார். பயணம் நல்லபடியாக முடிந்தால் அந்தக் காசு உண்டியலில் போட வேண்டும். "நாலும் கறுப்புப் பொட்டியா கீது, மஞ்சத் துணி இருந்தா ஒங்களுக்கும் சட்னு அடையாளம் தெரியும்" என்றார். நியாயமாகத்தான் பட்டது.

டிசம்பர் 21, ஞாயிறு. திபிலிசி

தேவியின் பெட்டி காணோம்!

வரிசையாகவே எழுதுகிறேன். சென்னை விமான நிலையத்தில் வினோத்தின் கைப்பையிலிருந்து கற்பூர டப்பாவை எடுத்து வைத்துக்கொண்டார்கள். கற்பூரம் விமானத்தில் ஏறக்கூடாது என்று எங்கள் யாருக்குமே தெரியவில்லை. பழைய வினோத் என்றால் மேலதிகாரியைக் கூப்பிடச் சொல்லியிருப்பான். இவன், "சாமி சரணம், பத்திரமா வெச்சிக்கங்க" என்றான். தேவி வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

இந்த ஊரில் குடிநுழைவுச் சோதனை. தாடியும் மாலையும் வெறுங்காலுமாக வினோத் போய் நின்றான். (பனி தட்டுப்படும் வரை ஷூ போடமாட்டேன் என்று ஒரே பிடிவாதம்.) அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்த்தார், தாடியைப் பார்த்தார், காலைப் பார்த்தார். பாதிரியாரா என்று ஆங்கிலத்தில் கேட்டார். வினோத் யோசித்துவிட்டு ஆமாம் என்று தலையாட்டினான். அவர் லேசாகத் தலை வணங்கி முத்திரை குத்தினார். ஐ.டி. கம்பெனி அடையாள அட்டை, சம்பளச் சீட்டு எல்லாம் வைத்திருந்த என்னைப் பக்கத்துக் கவுண்டரில் அரை மணி நேரம் குடைந்தார்கள்.

பிறகு பெட்டிகள். பிரசன்னா முன்னால் ஓடி, மஞ்சள் துணி கட்டிய கறுப்புப் பெட்டி நாலை இழுத்து வண்டியில் ஏற்றினான். விடுதிக்கு வந்து தேவி பெட்டியைத் திறந்தால் உள்ளே பெரிய சைஸ் பனியன்கள், ஒரு குரங்குக் குல்லா, முழங்கால் வலித் தைலம், முறுக்கு டின் மூன்று.

மஞ்சள் துணியில் காசு முடிகிறவர் உலகத்தில் கன்னியம்மாள் அத்தை ஒருவர்தானா? அதே விமானத்தில் நம்ம பக்கத்து ஆட்கள் ஒரு சுற்றுலாக் கூட்டமே வந்திருக்கிறது. இது எங்கள் நாலு பேர் மண்டைக்கும் எட்டவில்லை.

குல்லாவுக்குள் ஒரு போன் நம்பர் இருந்தது. கூப்பிட்டேன்.

"ஆமாம்மா, ஜானகிராமன் பேசறேன். ஆவடி. பொட்டியத் தொறந்தா ஒரே சுடிதாரா கீது, நான் இன்னா பண்றதுன்னு பத்மாவக் கேட்டுகினு இருக்கேன்" என்றார். அவருடைய கூட்டத்தை நேராகக் கடற்கரை ஊருக்குக் கூட்டிப் போய்விட்டார்களாம். நாங்கள் நாளைக்கு மலைக்குப் போகிறோம். அவர் மேற்கே, நாங்கள் வடக்கே. "ரொம்பக் குளுருதும்மா, ஒங்க செவப்பு சால்வையப் போத்திக்கினேன், தப்பா நெனைக்காதீங்க. முறுக்கு சாப்டுங்க" என்றார்.

முறுக்கை ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தான் பிரசன்னா. திட்டித் தீர்த்துவிட்டேன்.

வினோத் தன்னுடைய கனமான கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்தான். "மாளிகைப்புறத்துக்குக் குடுத்துடுங்க சாமி" என்றான். மாலை போட்டவர்கள் பெண்களை மாளிகைப்புறம் என்றுதான் அழைக்க வேண்டுமாம்.

"கட்டின பொண்டாட்டி மாளிகைப்புறமா? கோட்டும் வேணாம் ஒண்ணும் வேணாம்" என்றாள் தேவி. பிறகு போட்டுக்கொண்டாள். குளிர் அப்படி.

டிசம்பர் 22, திங்கள். குடௌரி

பனி! பனி! பனி!

வேறொன்றும் எழுத வரவில்லை. மூக்கு இருக்கிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

டிசம்பர் 23, செவ்வாய்

விடுதி நடத்துகிற அம்மாள் பெயர் மனானா. எங்களை விட வயதில் மூத்தவர், கோதுமை மூட்டையை ஒரு கையால் தூக்குகிறவர். வினோத் கறி வேண்டாம், முட்டை வேண்டாம் என்று சைகை காட்டினான். பிரசன்னா போன் மூலம் மொழிபெயர்த்து, கடவுளுக்காக விரதம் என்று சொல்லிவைத்தான். அந்த அம்மாள் கையைத் தட்டி ஒரே சிரிப்பு. அவரும் விரதமாம்! இங்கே கிறிஸ்துமஸ் ஜனவரி ஏழாம் தேதிதானாம். அதுவரை கறி, பால், முட்டை எதுவும் தொட மாட்டாராம்.

அதிலிருந்து எங்கள் மூன்று பேரையும் மனுஷராகவே அவர் மதிப்பதில்லை. சாமிக்கு மட்டும் ராஜ உபசாரம். பீன்ஸ் வைத்த ரொட்டி, உருளைக்கிழங்கு, உப்பில் ஊறிய முட்டைக்கோசு. ஒரே தட்டு, எதிரெதிர் நாற்காலி. அவர் ஜார்ஜிய மொழியில் ஏதோ சொல்கிறார், இவன் "ஆமா சாமி, ஆமா சாமி" என்கிறான். பாலாடைக்கட்டி ரொட்டியோடு போன எங்களை இருவரும் பாவிகளைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

மத்தியானம் சுடுதண்ணீர் இயந்திரம் நின்றுவிட்டது. நாங்கள் மூவரும் குளிக்கவில்லை. பனி அப்பியிருந்த குழாயைத் திறந்து, சாமி ஒருத்தர் மட்டும் குளித்தார். "சாமியே" என்று உள்ளே கேட்ட குரலில் கண்டிப்பாக ஒரு கெட்ட வார்த்தை பாதி வழியில் சரணமாக மாறியது. சத்தியம் பண்ணுவேன்.

தேவி சிரித்துவிட்டாள். நான் பார்த்ததும் குரங்குக் குல்லாவைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

டிசம்பர் 24, புதன்

இன்றைக்கு நடந்ததை மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய கோயில், வேன் பிடித்துப் பார்க்கப் போனோம். ஜூரா என்று ஓட்டுநர். திரும்பும்போது கணவாய்க்குக் கீழே வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. பனி சரிந்து பாதை அடைத்துவிட்டதாம். எப்போது திறக்கும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. வேனில் ஹீட்டர் விட்டு விட்டு வேலை செய்தது. ஆவடிக்காரர் முறுக்கு தீர்ந்தது.

ரொம்ப நேரம் கழித்து ஜூரா பின்னால் திரும்பி, எங்களை அங்கிருந்த சாலையோரக் கடையில் இறக்கிவிட்டு, தான் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டு நாளைக்கு வருவதாகச் சொன்னான். கடை என்றால் தகரக் கொட்டகை. அதுவும் பூட்டியிருந்தது.

பிரசன்னா வழக்கம்போல போனில் வார்த்தை தேடினான். நான் வினோத்தைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் மனசுக்குள் கெஞ்சினேன். இத்தனை வருடம் தேவையில்லாத இடத்திலெல்லாம் கத்தினாயே, இப்போது ஒரே ஒரு கத்து கத்தேன்! அவன் கண்ணை மூடி, மாலையைப் பிடித்துக்கொண்டு, "சாமி சரணம்" என்றான்.

எழுந்தது தேவி.

"டேய்! யாரடா எறங்கச் சொல்ற? பொம்பளைங்கள நடு ரோட்ல வுட்டுட்டு ஒன் மாமன் ஊட்டுக்குப் போயி சூப்பு குடிப்பியா? வண்டிய எடுத்த, சக்கரத்துல படுத்துக்குவேன்! ஒக்காருடா!"

ஜூராவுக்குத் தமிழ் ஒரு எழுத்து தெரியாது. முழுக்கப் புரிந்துகொண்டான். உட்கார்ந்தான், ஹீட்டரைக் கூட்டினான், தன் ஃபிளாஸ்கில் இருந்த டீயை எங்களுக்கே கொடுத்துவிட்டான்.

நான் கை தட்டப் போனேன். ஆனால் தேவி உட்காரவில்லை. அப்படியே வினோத் பக்கம் திரும்பினாள். இத்தனை நாளில் அவனிடம் நேராகப் பேசியது இதுதான் முதல் தடவை.

"பேச வேண்டிய எடத்துல வாய் தொறக்க மாட்ட. பேசக்கூடாத எடத்துல மண்டபமே திரும்பிப் பாக்கும். இல்ல?" என்றாள். "கற்பூரத்தப் புடுங்கினான், ஒண்ணும் சொல்லல. பொட்டி போச்சு, ஒண்ணும் சொல்லல. ஐஸ் தண்ணியில குளிச்ச, ஒண்ணும் சொல்லல. அப்ப ஒன்னால முடியும். இத்தினி வருசமும் முடிஞ்சிருக்கும். சாமிக்குன்னா அடக்கத் தெரியுது, எனக்குன்னா தெரியலியா?"

அவன் கண்ணைத் திறந்தான்.

"சொல்லு! நான் அவ்ளோ எளப்பமா?"

நான் அழுதுவிட்டேன், எதற்கென்று தெரியவில்லை. நான் கூட இந்த நாலு நாளாக அவன் அடங்கி இருப்பதைப் பார்த்து மெச்சிக்கொண்டுதானே இருந்தேன்? அடக்கிக்கொள்ளத் தெரிந்தவன் இத்தனை காலம் ஏன் அடக்கவில்லை என்று எனக்கேன் தோன்றவில்லை? அவளுக்குத்தானே வலித்தது, அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

இருட்டுவதற்குள் பாதையைத் திறந்துவிட்டார்கள்.

டிசம்பர் 25, வியாழன்

ஊரெல்லாம் கிறிஸ்துமஸ், இங்கே சாதாரண வேலை நாள். எங்கள் முகத்துக்கு அதுதான் பொருத்தம்.

காலையில் வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தான் வினோத். மனானா அம்மாளுக்கு உதவியாம். நான் டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். மண்வாரியை நட்டு வைத்துவிட்டுச் சொன்னான்:

"அவ சொன்னது நெசம் சாமி. கோவம்ன்றது தும்மல் மாதிரின்னு நெனச்சுகினு இருந்தேன். வந்தா வரும், நம்ம கையில இல்லன்னு. அடக்கலாம்னு எனக்கே இந்த மாலை போட்டப்புறம்தான் தெரியும். இப்ப தெரிஞ்சுபோச்சே. இனிமே தெரியாதுன்னு சொல்ல முடியாதே."

"இத அவகிட்டயே சொல்லு" என்றேன்.

"சொன்னா நம்ப மாட்டா. நானா இருந்தாலும் நம்ப மாட்டேன்."

இதைத் தேவியிடம் கொண்டுபோய்ச் சேர்க்கலாமா என்று யோசித்தேன். சேர்க்கவில்லை. தபால் வேலையை நேற்றோடு ராஜினாமா செய்துவிட்டேன்.

டிசம்பர் 27, சனி

விமான நிலையத்தில் ஜானகிராமனைக் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. தேவியின் சிவப்புச் சால்வையைப் போர்த்திக்கொண்டு நடுக்கூடத்தில் நின்றார். பக்கத்தில் அவர் மனைவி பத்மா, தலையில் அடித்துக்கொண்டு. "எல்லா போட்டோலயும் இதே சால்வதான். ஊர்ல யாருக்கும் காட்ட முடியாது" என்றார்.

பெட்டி கைமாறியது. பிரசன்னா காலி முறுக்கு டின்களைத் திருப்பிக் கொடுத்த அழகை என் எதிரிக்கும் பார்க்கக் கொடுக்காதே சாமி. மூன்றையும் துடைத்து வைத்திருந்தான். "பரவால்ல தம்பி, காலி டின்னு வெயிட் கம்மி" என்றார் அவர்.

தேவி வினோத்தின் கோட்டைக் கழற்றி மடித்து, அவனிடமே நீட்டினாள். என் வழியாக இல்லை. அவன் வாங்கிக்கொண்டான். இரண்டு பேரும் ஏதாவது பேசுவார்கள் என்று நானும் பிரசன்னாவும் பத்மா அம்மாவும்கூடக் காத்திருந்தோம். பேசவில்லை.

டிசம்பர் 29, திங்கள்

முகப்பேர். வெயில். துவைக்க ஒரு மலை. சளி.

ஜனவரி 7, புதன்

நேற்று வினோத் மலையிலிருந்து வந்து, கன்னியம்மாள் அத்தை கையால் மாலையைக் கழற்றிவிட்டான். தாடியும் போயிற்று. ராத்திரியே பிரசன்னாவுக்குப் போன் செய்து, "டேய் பன்னி" என்றானாம். பிரசன்னாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எனக்குப் பகீரென்றது.

தேவிக்குச் சொன்னேன். "ம்" என்றாள். "இப்பதான் ஆரம்பம்" என்றாள்.

ஜனவரி 13, செவ்வாய்

கத்திவிட்டான்.

கடையில் லாரி ஓட்டுநர் டைல்ஸ் பெட்டியைப் போட்டு உடைத்தாராம். ஹைவேக்கு அந்தப் பக்கம் வரை கேட்டதாம். எதிர்பார்த்ததுதான், இருந்தாலும் கேட்டதும் சோர்ந்துபோனேன். நாய் வாலை நிமிர்த்த முடியுமா என்று பிரசன்னாவிடம் எரிந்து விழுந்தேன்.

இதை எனக்குச் சொன்னது தேவி! அவளுக்கு யார் சொன்னது என்று கேட்டால், "அவுருதான். அவுரே போன் பண்ணி, இன்னிக்கு ஒரு ஆளக் கத்திட்டேன், சாயங்காலம் போயி மன்னிப்பு கேட்டேன், உங்கிட்ட சொல்லணும்னு தோணிச்சுன்னாரு" என்றாள்.

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. வெச்சிட்டேன்." பிறகு, "எட்டு வருசத்துல கத்தினத ஒத்துக்கினு நான் பாத்ததில்ல" என்றாள்.

அவசரப்பட்டுத் திட்டியதற்குப் பிரசன்னாவுக்குக் கேசரி செய்து கொடுத்தேன்.

ஜனவரி 18, ஞாயிறு

வினோத் பொங்கலுக்கு நசரத்பேட்டை போய் மாமியார் வீட்டில் சாப்பிட்டானாம். அன்றைக்குப் போனவன் மறுநாளும் போனான், நேற்றும் போனான். சாப்பிட்டுவிட்டு இரவு தனியாகத் திரும்பி வருகிறான். "மருமவன் வந்து வந்து சாப்ட்டுப் போறது நல்லாவா கீது? கூட்டிக்கினு போறதுன்னா போவட்டும், இல்லன்னா மாசக் காசு குடுக்கட்டும்" என்று தேவியின் அம்மா என்னிடம் முறையிட்டார். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு.

ஜனவரி 27, செவ்வாய்

தேவி வருகிறாள். ஆனால் பழைய வீட்டுக்கு இல்லை. "அந்தத் தளத்துல அத்தினி பேருக்கும் என் கதை தெரியும். லிஃப்ட்ல பாக்கற பார்வையிலயே செத்துடுவேன். வேற வீடு பாருங்கன்னேன். சரின்னாரு" என்றாள். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் மூன்றாவது மாடி கிடைத்திருக்கிறது. லிஃப்ட் இல்லை. தை முடிவதற்குள் பால் காய்ச்ச வேண்டும்.

"நம்பிட்டியா?" என்று கேட்டேன்.

"நம்பலாமான்னு பாக்கறேன்" என்றாள். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

வீடு மாற்றினோம். முதுகு ஒடிந்துவிட்டது.

எல்லாம் ஏறிவிட்டது, தேவியின் இரும்பு பீரோ தவிர. கூலிக்கு வந்தவர்கள் பீரோவைப் பார்த்துவிட்டுக் கூடக் காசு கேட்டார்கள், வினோத் தானே தூக்குகிறேன் என்று கிளம்பிவிட்டான். மேல் பக்கம் அவன், கீழ்ப் பக்கம் பிரசன்னா. இரண்டாவது மாடித் திருப்பத்தில் அது சிக்கிக்கொண்டது. மேலேயும் போகாது, கீழேயும் வராது. வினோத்தின் கால் பெருவிரல் அதன் அடியில்.

மேலே படியில் நின்றுகொண்டு தேவி, "கதவக் கழட்டிட்டு எடுங்கன்னு அப்பவே சொன்னேன். யார் கேக்கறா? இந்தப் பக்கம் சாய்ங்க. அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம்!" என்றாள். ஒன்று சொல்கிறேன், எந்தப் புருஷனும் தாங்க முடியாத வாசகம் அது. பிரசன்னாவே கீழிருந்து கண்ணை மூடிக்கொண்டான்.

வினோத்தின் கழுத்து நரம்பு புடைத்தது. முகம் சிவந்து கறுத்தது. பக்கத்து வீட்டுக் கதவு ஒன்று திறந்தது. எனக்கு அந்தக் கல்யாண மண்டபம் ஞாபகம் வந்தது. தேவியும் பேச்சை நிறுத்திவிட்டாள். அவள் கை கைப்பிடிச் சுவரை இறுக்கிப் பிடித்திருந்தது.

"தேவி" என்றான். "எனக்குக் கோவம் வருது. இன்னும் ஒரு வார்த்த சொன்னா கத்திடுவேன். நீ கொஞ்ச நேரம் கீழ போயி இரு."

அவள் அவனையே பார்த்தாள்.

"எப்படிப் போறது? பீரோ வழிய அடச்சிக்கினு கீதே."

"அப்ப மொட்ட மாடிக்குப் போ."

"எவ்ளோ நேரம்?"

"இது உள்ள போற வரைக்கும்."

"சரி" என்றாள். போனாள்.

பீரோவின் கதவைக் கழற்றிச் சாய்த்ததும் அது ஒழுங்காக ஏறிவிட்டது. அவள் சொன்ன பக்கம்தான் சாய்க்க வேண்டியிருந்தது. அதை உள்ளே வைத்துவிட்டு, வீங்கிய விரலோடு நொண்டிக்கொண்டே வினோத் மொட்டை மாடிக்குப் போனான், அவளைக் கூட்டி வர.

நானும் பிரசன்னாவும் புது வீட்டுத் தரையில் உட்கார்ந்து காத்திருந்தோம். ரொம்ப நேரமாகியும் இரண்டு பேரும் இறங்கி வரவில்லை. மேலேயிருந்து கத்தும் சத்தம் கேட்கிறதா என்று பிரசன்னா இரண்டு தடவை படி வரை போய்க் காது கொடுத்துவிட்டு வந்தான். ஒன்றும் கேட்கவில்லையாம். பசி தாங்கவில்லை. சாம்பார் சாதப் பொட்டலத்தில் இரண்டை அவர்களுக்கு எடுத்து வைத்துவிட்டு நாங்கள் சாப்பிட்டோம்.